ஏழு ஜன்னலும் ஒரு மேல்செட்டும்

டிசம்பர் 2, செவ்வாய்

ஜெர்மன் பொம்மை ரயில் கம்பெனிக்காரனிடமிருந்து பதில் வந்துவிட்டது. மிக மரியாதையான பதில். நான் கேட்ட வளைவு ஜன்னல் தயாரிப்பை நிறுத்திப் பல வருஷம் ஆகிறதாம். அச்சையும் உடைத்துவிட்டார்களாம். என் ஆர்வத்துக்கு நன்றியாம். ஆர்வத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

சாப்பாட்டு மேஜையில் பாதியை என் ரயில் நிலையம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நிஜத்தில் எண்பத்தேழு அடி என்றால் இங்கே ஓர் அடி. சுவர், ஓடு, டிக்கெட் கவுண்டர், ஆண்கள் பெண்கள் என்று தனித்தனிக் கக்கூஸ், எல்லாம் நானே அட்டையில் வெட்டி ஒட்டியது. ஜன்னல் மட்டும்தான் பாக்கி. விரல் நகத்தளவு ஜன்னல், மேலே வளைவு, நடுவில் மயிரிழைக் கம்பிகள். கத்தியால் வெட்டினால் கம்பி அறுந்துபோகிறது. தீக்குச்சியைச் சீவி ஒட்டினால் கோழிக்கூண்டு மாதிரி இருக்கிறது.

மரகதம் தட்டை வைக்க இடம் தேடிக்கொண்டே சொன்னாள்: "ஜன்னல் இல்லாட்டித்தான் என்னங்க? உள்ள யாரு காத்தில்லாம வேத்து விறுவிறுத்துக் கெடக்கறாங்க?"

பெண்டாட்டி பேச்சைக் கேட்டிருந்தால் நான் பல்செட் தொழிலோடு நிம்மதியாக இருந்திருப்பேன். போத்தனூரில் பாதிப் பேர் மெல்லுவது என் கைவேலை. ஆனால் மனுஷனுக்குப் பல் மட்டும் போதுமா?

தை மாதம் கோயமுத்தூரில் மாதிரி ரயில்காரர்களின் கண்காட்சி. மேஜை பிடித்துவிட்டேன். மச்சான் நாச்சிமுத்து கண்டிப்பாக வருவார். மரகதத்தின் அண்ணன், ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர். ஓட்டை ஓட்டையாக நிற்கிற என் ஸ்டேஷனைப் பார்த்தால் சிரிப்பார். என் கவலை அது ஒன்றுதான்.

ஒரு காலத்தில் அவர் வீட்டு மாடியில் இரண்டு பேரும் சேர்ந்துதான் ரயில் விட்டோம். ஸ்டேஷன் அவருடையது, வண்டிகள் என்னுடையவை. ஒவ்வொரு வண்டிக்கும் அவரிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறையச் சொந்தபந்தம், ஒறம்பரை என்று இருந்தபோது, கேட்காமல் என் கூட்ஸை விட்டேன். அது எதிரே வந்த பாசஞ்சரில் மோதி, எஞ்சின் மேஜையிலிருந்து தரையில் விழுந்தது. மச்சான் பேனாவைத் திறந்தார். ஒரு தாளை எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, எல்லார் முன்னாலும் என்னிடம் நீட்டினார். சஸ்பென்ஷன் ஆர்டர்! பொம்மை ரயிலில் சஸ்பெண்டான முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். என் வண்டிகளை அரிசிப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் ஆகிறது. அவரிடம் ஸ்டேஷன் இருக்கிறது, வண்டியில்லை. என்னிடம் வண்டி இருக்கிறது, ஜன்னல் வைத்த ஸ்டேஷன் இல்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

டிசம்பர் 5, வெள்ளி

சொல்லி வைத்திருந்த கல்கத்தாக் கடைக்காரர் அனுப்பிய பார்சல் வந்தது. ஜன்னல்தான். ஆனால் மாதா கோயில் ஜன்னல். கூராக மேலே போகிறது, நடுவில் சிலுவை வேறு. இதை வைத்தால் கவுண்டரில் டிக்கெட்டுக்குப் பதில் பாவமன்னிப்புதான் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 6, சனி

பெங்களூரில் ஒரு பழைய பொம்மைக் கடையில் அந்த ஜன்னல் இருக்கும் என்றார்கள். போன் போட்டேன். கடைக்காரர் காலமாகிவிட்டாராம். மகன் அதே இடத்தில் மோமோ விற்கிறான். ஜன்னல் என்று கேட்டேன். "வெஜ்ஜா, சிக்கனா?" என்றான்.

டிசம்பர் 8, திங்கள்

என் மரமண்டையில் இன்றுதான் உறைத்தது. முப்பத்தைந்து வருஷமாக நான் செய்துகொண்டிருப்பது என்ன? வாயில் அளவெடுத்த அச்சில் மாவு ஊற்றி, வாயை அப்படியே வார்த்தெடுப்பது. வாயை வார்க்கிறவனுக்கு ஜன்னலை வார்க்கத் தெரியாதா? அளவெடுக்கிற ரப்பர் மாவு இருக்கிறது, பொடி இருக்கிறது, திரவம் இருக்கிறது. ஓர் அசல் ஜன்னல் கிடைத்தால் போதும், ஊருக்கே ஜன்னல் ஊற்றிக் கொடுப்பேன்.

அசல் எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்து இந்தியாவிலேயே ஒரே இடத்தில். மச்சான் வீட்டு மாடியில், அவர் ஸ்டேஷன் சுவரில்.

"போயிக் கேளுங்க," என்றாள் மரகதம்.

"நான் எதுக்குக் கேக்கோணும்?"

"ஜன்னலு வேணுங்கறவங்கதான் கேக்கோணும்."

கேட்க மாட்டேன். கழுத்தில் கத்தி வைத்தாலும் கேட்க மாட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

டாக்டர் ஷீலா கிளினிக்கிலிருந்து ஒரு மேல்செட் ஆர்டர் வந்தது. மாவு அச்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மேல்தாடையில் ஒரு பல்கூட இல்லை. சர்க்கரை தின்றுவிட்ட ஈறு, வழுவழுவென்று கிடக்கிறது. சீட்டில் பெயரைப் பார்த்தேன். நாச்சிமுத்து.

ஆனந்தமாகத்தான் இருந்தது. என் ஜன்னல் அவரிடம் இருக்கிறது, அவர் பல் என்னிடம் இருக்கிறது. எல்லாம் மேலே இருக்கிறவன் கணக்கு.

போன மாதம் மார்க்கெட்டில் என்னைக் கண்டதும் அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அக்கட்டால் ஒதுங்கிப் போனார். திமிர் என்றுதான் நினைத்தேன். இரண்டு மூன்று தடவை அப்படிப் போயிருக்கிறார்.

மரகதத்திடம், "உங்கண்ணனுக்கு மேல்பல்லெல்லாம் போயிருச்சா?" என்றேன்.

"போயி ஒரு வருசமாச்சு. கஞ்சிதான் குடிக்கறாரு. நீங்கதான் அவரு பேச்சே எடுக்கக் கூடாதுன்னீங்களே."

அச்சை மேஜையில் வைத்துவிட்டேன். சாயங்காலம் வேறு வேலை ஓடவில்லை. பவர்கட்.

டிசம்பர் 10, புதன்

மெழுகில் பல் அடுக்கினேன். கலைத்தேன். திரும்ப அடுக்கினேன். மெழுகு சரியில்லை.

டிசம்பர் 11, வியாழன்

இன்றும் மெழுகு சரியில்லை.

டாக்டர் சீட்டில் 'வரிசையாக' என்று எழுதியிருக்கிறார். வரிசையாக அடுக்கினால் டிவி விளம்பரத்தில் பற்பசை விற்கிறவன் மாதிரி இருக்கிறது. மச்சானுடைய இடது முன்பல் பக்கத்துப் பல்லின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும். அவர் சிரித்தால் முதலில் அதுதான் சிரிக்கும். அப்படியே வைத்துவிட்டேன். தொழில் சுத்தம், வேறொன்றும் இல்லை. சனிக்கிழமை காலை கிளினிக்கில் ட்ரையல்.

மரகதம் ட்ரையல் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். இவளுக்கு எதற்கு அதெல்லாம்? பத்து மணி என்றேன்.

டிசம்பர் 13, சனி

யோசனை என்னுடையதுதான். நான் செய்த மெழுகுப் பல்லை வாயில் வைத்துக்கொண்டு மச்சான் டாக்டரிடம் 'ஆ' காட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், நான் ரப்பர் மாவோடு அவர் மாடியில். ஜன்னலைத் திருடப் போவதில்லை. அளவுதான் எடுக்கப் போகிறேன். வாயில் அளவெடுத்தால் பல் குறைந்தா போகிறது?

மச்சான் சம்சாரம் ருக்குமணி அக்கா கதவைத் திறந்தார். மரகதம் மறந்துவிட்டுப் போன பலகாரச் சம்படத்தை எடுக்க வந்தேன் என்று ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். அதை அவர் கேட்கவேயில்லை. "மாடி தெறந்துதானுங்க இருக்குது. அவரு வர நேரமாகும். மெதுவாப் பாருங்க. காப்பி போடட்டுங்களா?" என்றார். பாவம், வெள்ளந்தி. ஒன்றும் தெரியாது.

மேலே ஸ்டேஷனை மூடுகிற கண்ணாடிப் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார் மச்சான். விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. முப்பது வருஷம் அரசாங்கக் கரண்டில் இருந்தவர், அணைக்கத் தோன்றுமா? ஸ்டேஷனில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. தண்டவாளத்தைக்கூடத் துடைத்து வைத்திருக்கிறார். வண்டியே வராத தண்டவாளத்தை எதற்குத் துடைக்கிறாரோ.

ரப்பர் மாவைப் பிசைந்து, பிளாட்பாரப் பக்கச் சுவரில் அழுத்திப் பிடித்தேன். இறுகட்டும் என்று காத்திருந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. வேசலின் தடவவில்லை!

எங்கள் தொழிலில் முதல் பாடம் இது. ஆடுகிற பல் உள்ள வாயில் அளவெடுத்தால், முதலில் வழுவழுப்பாக ஏதாவது தடவ வேண்டும். இல்லையென்றால் அளவோடு பல்லும் சேர்ந்து வந்துவிடும். பழைய பசையில் நிற்கிற ஜன்னல் ஆடுகிற பல்லைவிட மோசம். சாமி கும்பிட்டுக்கொண்டே மாவை மெல்ல இழுத்தேன்.

டப் டப் டப் என்று வந்தது. ஏழு ஜன்னலும் மாவுக்குள். சுவரில் ஏழு ஓட்டை.

காலடிச் சத்தம் கேட்டது. ருக்குமணி அக்கா காப்பியோடு நின்றுகொண்டிருந்தார். ஸ்டேஷனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பரவால்லீங்க, காப்பியக் குடிங்க," என்றார்.

குடித்தேன். பிறகு மாவைச் சோற்று டப்பாவில் போட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டு, அறுபது வயதுக்காரன் ஓடக் கூடாத ஓட்டம் ஓடினேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

சாப்பிடப் பிடிக்கவில்லை. நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

டிசம்பர் 16, செவ்வாய்

ஜன்னல்களை ஒவ்வொன்றாக மாவிலிருந்து எடுத்தேன். ஒன்றும் உடையவில்லை. மாவில் அச்சு அற்புதமாக விழுந்திருக்கிறது, கம்பிக்குக் கம்பி. பொடியும் திரவமும் கலந்து ஊற்றினேன். வெள்ளைப் பொடி தீர்ந்துபோயிருந்ததால் ஈறு செய்கிற ரோஸ் பொடி. முதல் இரண்டு வார்ப்பில் கம்பிக்குள் காற்றுக் குமிழி விழுந்துவிட்டது. மூன்றாவது தடவை, ஊற்றும்போதே பல் டாக்டர் மாதிரி ஊசியால் குத்தி விட்டேன். ஜம்மென்று வந்தது.

காய்ந்தால் ஒரு மயிரிழை சுருங்குகிறது. ஓரத்தில் மெழுகு வைத்து அடைத்தேன். மாற்றி மாற்றி ஊற்றி, என் ஸ்டேஷனுக்கு வேண்டிய அத்தனை ஜன்னலையும் பொருத்திவிட்டேன். ஸ்டேஷன் இப்போது ஈறைக் காட்டி இளிக்கிறது. பெயிண்ட் அடித்தால் தெரியாது.

உலகத்தில் யாரிடமும் இல்லாத ஜன்னலை ஊற்றிவிட்டேன். இன்று என் வாழ்க்கையில் பெரிய நாள். மரகதத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாருக்குதுங்க," என்றாள். "யாருகிட்டக் காட்டப் போறீங்க?"

"கண்காட்சியில ஆயிரம் பேரு பாப்பாங்க."

"அந்த ஆயிரத்துல இந்த ஜன்னலு எதுன்னு யாருக்குங்க தெரியும்?"

இவளுக்கு வேறு வேலையில்லை.

டிசம்பர் 18, வியாழன்

டாக்டர் ஷீலா போன் செய்தார். "ட்ரையல் நல்லா உக்காந்துச்சு, ஃபினிஷ் பண்ணிடுங்க. ஆனா முன்பல்ல ஏன் சார் கோணலா வெச்சீங்க? நான் வரிசையான்னுதானே எழுதியிருந்தேன்?"

"மாத்தணுங்களா?"

"அதுதான் அதிசயம். மாத்த வேண்டாம்னு அவரே சொல்லிட்டார். கண்ணாடிய வாங்கிப் பாத்தார், ரொம்ப நேரம் பாத்தார். யார் செஞ்சதுன்னு கேட்டார். உங்க லேப்னு சொன்னேன். தப்பில்லையே?"

"இல்லீங்க."

"இன்னொண்ணு சார். ட்ரையல் பத்து நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. மனுஷன் வீட்டுக்குப் போகவே மாட்டேன்னுட்டார். மத்தியானம் வரைக்கும் என் வெளி பெஞ்சுல உக்காந்து பழைய பத்திரிகையாப் புரட்டிக்கிட்டிருந்தார். ஏன் சார் உக்காந்திருக்கீங்கன்னு கேட்டா, 'வீட்டுல ஒருத்தர் சோலியா இருப்பாருங்க, முடிச்சுக்கட்டும்' அப்படீங்கறார். யாரு சார் அது, பெயிண்டரா?"

ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கண்ணாடிப் பெட்டி கழற்றியிருந்தது. விளக்கு எரிந்தது. மாடி திறந்திருந்தது. மெதுவாகப் பாருங்க என்றார் அந்த அம்மாள். எத்தனை மணிக்கு ட்ரையல் என்று கேட்டாள் இந்த அம்மாள்.

ஊரே கூடி என்னைத் திருட விட்டிருக்கிறது!

டிசம்பர் 19, வெள்ளி

எனக்குக் கோபம். பிச்சையா போடுகிறார்? நானென்ன கேட்டேனா? ஸ்டேஷன் மாஸ்டர் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. நான் எப்போது வர வேண்டும், எப்போது போக வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே சிக்னல் போடுகிறார்.

இதையெல்லாம் மரகதத்திடம் கத்தினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

"உங்களுக்கு வேணுங்கறது ஜன்னலில்லீங்க, எங்கண்ணன். அவருக்கு வேணுங்கறதும் பல்லில்ல. ரெண்டு கெழவனுங்களும் சேந்து எங்க உசுர வாங்கறீங்க. போயிப் பாத்துட்டு வாங்க. வரைல கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."

டிசம்பர் 20, சனி

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு மேல்செட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். இன்னொரு கையில் சோற்று டப்பா, அதில் ஏழு ஜன்னல்.

கதவைத் திறந்தவர் மச்சான்தான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருக்கிறார். சட்டை அவருடையதா, இரவல் வாங்கியதா என்று சந்தேகம் வருகிற மாதிரி தொங்குகிறது.

"வாங்க மாப்ள."

"வந்தேனுங்க."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது அத்தனையும் மறந்துபோயிற்று. கடைசியில் என் வாயில் வந்தது தொழில் பேச்சுதான்.

"வாயத் தெறங்க."

துண்டை எடுத்துவிட்டுத் திறந்தார். செட்டை நனைத்து வைத்தேன். கடி பார்க்கிற நீலத் தாளைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னேன். ஓரிடத்தில் இடித்தது, எடுத்து ராவிவிட்டுத் திரும்ப வைத்தேன். இன்னொரு மனுஷன் தாடையைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் மேல் கோபமாக இருப்பது கஷ்டம். முயன்று பார்த்தேன், முடியவில்லை.

நாக்கால் அந்தக் கோணல் பல்லைத் தடவிப் பார்த்தார்.

"டாக்டரம்மா வரிசையா வெக்கச் சொன்னாங்களாமே?"

"வரிசையா வெச்சா அது வேற யாரோட வாயோங்க."

டப்பாவைத் திறந்து காட்டினேன். "ஏழும் வந்துருச்சுங்க. வேசலின் தடவ மறந்துட்டேன்."

"முப்பத்தஞ்சு வருசச் சர்வீசு," என்றார், தலையை ஆட்டிக்கொண்டு.

"நீங்க கூப்பிட்டுக் குடுத்திருக்கலாமில்லீங்க?"

"எப்பிடிக் கூப்பிடறது? மொதல்ல வீம்பு. வீம்பு போகைல பல்லும் போயிருச்சு. பொக்க வாயோட உங்க முன்னால நின்னா நீங்க சிரிப்பீங்க."

"சிரிச்சிருப்பேனுங்க."

"தெரியும்."

மாடிக்குப் போய் ஜன்னல்களைத் திரும்ப ஒட்டினோம். அவர் டார்ச் பிடித்தார். நான் வைத்த ஒவ்வொரு ஜன்னலும் சாய்வு என்றார். டார்ச்சை ஒழுங்காகப் பிடித்தால் நேராகத் தெரியும் என்றேன். இரண்டு வருஷத்து வசவு பாக்கியிருந்தது, இரண்டு பேரும் தாராளமாகத் தீர்த்துக்கொண்டோம். கீழே ருக்குமணி அக்கா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

வேலை முடிந்ததும், மனசு நிறைந்துபோய் ஒரு தியாகம் செய்தேன். "கண்காட்சிக்கு இந்த ஸ்டேஷனையே கொண்டு போலாமுங்க. என்னுது எதுக்கு? அத நான் பிரிச்சுப் போட்டர்றேன்."

மச்சானுக்கு வந்ததே கோபம்!

"கேனமாட்டப் பேசாதீங்க மாப்ள! ஒத்த ஸ்டேஷன வெச்சுக்கிட்டு என்னத்தப் பண்றது? இங்கிருந்து ஒரு வண்டி கெளம்போணும்னா அடுத்த ஸ்டேஷன்ல ஒருத்தன் இருக்கோணும். 'வண்டி விடட்டுமா'ன்னு நாங் கேக்கோணும், 'லைன் சும்மாத்தான் கெடக்குது, விடு'ன்னு அவன் சொல்லோணும். சர்வீசு பூராவும் அப்பிடித்தானுங்க. மூஞ்சியே பாத்திருக்க மாட்டேன், கொரல் மட்டுந்தான். அவன் சொன்னாத்தான் என் வண்டி நகரும். ரிட்டயராயி வந்து பாத்தா அந்தப் பக்கம் ஆளே இல்ல. அதுக்குத்தான் உங்களக் கேளுங்க, கேளுங்கன்னு உசுர எடுத்தேன்."

இத்தனை நாளாக அதை அதிகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன். மரகதம் திட்டவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

என் ஸ்டேஷனை ஆட்டோவில் ஏற்றி, மடியில் வைத்து, மச்சான் மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அறையின் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் நான், நடுவில் பீரோ. பீரோவை நகர்த்தலாமே என்று ருக்குமணி அக்கா சொன்னார். கூடவே கூடாது என்றார் மச்சான். ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் தெரிந்தால் அது ரயில்வேயே இல்லையாம். கத்திப் பேசவும் கூடாதாம், போனில்தான் பேச வேண்டுமாம். கண்காட்சியிலும் நடுவில் ஒரு பீரோ வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்களாம்.

என் கூட்ஸ் அவர் பிளாட்பாரத்தில் நின்றது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, டீயை ஆற்றிக்கொண்டு, என் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறேன். ஒரு மூலையில் மட்டும் ஈறு லேசாக எட்டிப் பார்க்கிறது. போன் அடித்தது.

"மாப்ள, வண்டி விடட்டுங்களா?"

புதுப் பல்லில் எழுத்தெழுத்தாக வந்தது குரல். ஒரே அறையில்தான் இருக்கிறார், பீரோவுக்கு அடியில் அவர் செருப்பு தெரிகிறது. தண்டவாளத்தைப் பார்த்தேன். சும்மாத்தான் கிடந்தது.

"கொஞ்சம் இருங்க," என்றேன். முதல் நாளே விட்டுக்கொடுத்தால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு என்ன மரியாதை? டீயை நிதானமாகக் குடித்தேன். அவர் முணுமுணுக்கவில்லை. போனை வைக்கவுமில்லை. போனில் அவர் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. நான் சொல்லாமல் அந்த வண்டியை அவர் விடமாட்டார் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

"விடுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

"என்னங்க மாப்ள, பேச்சவே காணோம்?"

"சளிங்க," என்றேன். "லைன் சும்மாத்தான் கெடக்குது. விடுங்க."

சளியெல்லாம் ஒன்றும் இல்லை. அழுதுகொண்டிருந்தேன். வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது.